பனிக்குள் இருக்கும் வீட்டைப் படமெடுக்கப் போகும் மகனுக்கு

அப்பு,

போன வாரம் வந்திருந்தபோது நீ கேட்டுவிட்டுப் போனதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, படப்பிடிப்பை ஆரம்பிச்சிருவேன்" என்றாய். கதை நான் உனக்குச் சொன்னது, அதனால் என் சம்மதம் இல்லாமல் கேமராவைத் தொடமாட்டேன் என்றாய். உன் அப்பா கட்டிலில் படுத்தபடியே, "ஏம்ப்பா, அந்தப் பேய்கிட்டயும் கேட்டியா? அது கால்ஷீட் குடுத்துருச்சா?" என்றார். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். எனக்கு வாயால் சொல்ல வராதது எழுதினால் கொஞ்சம் வரும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் உன்னோடு மலைக்கு வரப்போகிற எல்லோருக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர்களுக்காக அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை முழுதாகத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கி அதை மூடிவிடும். "மலை எங்கம்மா போச்சு?" என்று கேட்பாய். சோறு ஊட்டும் அவசரத்தில் நான் சொன்னது அது. பனிக்குள் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் பனிப்பொண்ணு இருக்கிறாள். ஏலப்பூவைக் கவிழ்த்துச் செருப்பாகப் போட்டிருப்பாள், அதனால் அவள் நடப்பது யாருக்கும் கேட்காது. வழி தவறிய பிள்ளைகளைக் கூவிக் கூப்பிடுவாள். உள்ளே போனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், கொடியில் காய்ந்த துணி தொங்கும், ஏலக்காய் தட்டிப் போட்ட, பால் விடாத கட்டங்காப்பி இருக்கும். பனி விலகும்போது அந்த வீடு எழுந்து மெதுவாக நடந்து கீழே வரும். ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு மலைக்குத் திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான் கதை. கடைசி வாய் சோறும் அதோடு முடிந்துவிடும்.

நீ எழுதிக்கொண்டுவந்ததில் அந்த வீடு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பனிப்பொண்ணு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். திரும்பிப் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் பள்ளத்தை நோக்கி நடக்கிறார்கள். "பெரியவங்களுக்கான படம்மா. சின்னப் புள்ளைக் கதையை அப்படியே எடுத்தா ஒருத்தனும் தியேட்டருக்கு வரமாட்டான்" என்றாய். இடைவேளைக்கு முன்னால் அவள் முகம் தெரிகிற இடத்தை நடுக்கூடத்தில் எழுந்து நின்று நடித்தே காட்டினாய். நன்றாக நடித்தாய். எனக்குக் கை இரண்டும் சில்லிட்டுப் போயின. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மாவே பயந்துட்டாங்க, படம் ஓடிரும்" என்று துள்ளினாய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

குழந்தைக் கதை ஒன்றை எடுத்துப் பெரியவர்களுக்காக மாற்றிவிட்டதாக நினைக்கிறாய். அதற்கு முன்பே அது ஒருமுறை மாறியது. நடந்த ஒன்றை நான்தான் ஒரு குழந்தை தாங்குகிற அளவுக்கு மாற்றிச் சொன்னேன். நீ இப்போது அதைத் திரும்பவும் பெரியவர்களிடம் கொண்டுபோகிறாய். கொண்டுபோ. ஆனால் அது கிளம்பிய இடத்தைத் தெரிந்துகொண்டு கொண்டுபோ.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் என்னைத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். போடியில் விடியும்போது ஏறினால், போடிமெட்டு வளைவுகளில் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து, வெயில் வருவதற்குள் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறங்குவோம். நான் யாரோடும் பேசமாட்டேன். யாராவது பெயரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். என் பக்கத்தில் உட்காருகிறவள் ராசிங்காபுரத்து ராசாத்தி. என் வயதுதான். எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். "இவளுக்கு வாய் கெடையாது அண்ணே, ரெண்டு பேருக்கும் நானே பேசிக்கிறேன்" என்பாள் ஜீப்பு டிரைவரிடம். "அப்ப ரெண்டு பேரு சோத்தையும் நீயே திங்கிறியா?" என்பார் அவர். "அதையும் நாந்தேன் திங்கிறேன். இவளைப் பாத்தா தெரியலையா?" என்று என் ஒல்லிக் கையைத் தூக்கிக் காட்டுவாள். ஜீப்பே சிரிக்கும். நானும் முந்தானைக்குள் சிரிப்பேன்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காயோ வேரடியில், தரையோடு தரையாக இருக்கும். குனிந்து காய் எடுக்கிறவளை அடுத்த வரிசையில் இருப்பவளுக்குத் தெரியாது. பனி வேறு இறங்கிவிட்டால் நீட்டிய கையே தெரியாது. அந்தப் பனியை மலையாளத்துக்காரர்கள் கோட என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கோட இறங்கினால் தோட்டத்துக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரை வேறு ஏதாவது கேட்டு வைத்துக்கொள்ளும் என்பார்கள். கூவத்தான் வேண்டும். வழி தெரியாமல் போனவள் கூவுவாள். அதைக் கேட்டவள் நின்ற இடத்தை விட்டு நகராமல் பதிலுக்குக் கூவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவள் வந்து சேருவாள். காதில் விழுந்த கூவலுக்குப் பதில் கொடுக்காமல் இருப்பது மட்டும் கூடவே கூடாது. எந்தத் தோட்டத்து ஆள், வேண்டியவளா வேண்டாதவளா என்பதெல்லாம் அப்போது கிடையாது. சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருக்கும் பெண்கள்கூடப் பனிக்குள் ஒருத்திக்கு ஒருத்தி கூவிக்கொள்வார்கள். வெளியே வந்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குக் கூவவும் கூச்சம். ராசாத்திதான் இருவருக்குமாகக் கூவுவாள். அவள் கூவல் கடைசியில் சட்டென்று மேலே ஏறி, புதுத்துணியைக் கிழித்தாற்போல அறுந்து நிற்கும். ஊரே கூவினாலும் அவளுடையதைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம், கோட கட்டியாக இறங்கிவிட்டது. "மதி, மதி, வண்டியில கேறிக்கோ" என்று, வேலை போதும், வண்டியில் ஏறுங்கள் என்பதை அவர் பாஷையில் மலையாளத்து சூப்பர்வைசர் சத்தம் போட்டார். எல்லோரும் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். ராசாத்தி வரவில்லை. ஆனால் அவள் கூவல் கேட்டது. எல்லோரும் சேர்ந்து பதில் கூவினோம், அன்றைக்கு நானும் கூவினேன். முதலில் மேட்டுப் பக்கமிருந்து கேட்டது. பிறகு ஓடைப் பக்கமிருந்து. பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. அந்தப் பக்கம் பள்ளம்தான், கால் வைக்க இடம் கிடையாது. எங்கிருந்து வந்தாலும் சத்தம் ஒரே தூரத்தில் இருந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. இருட்டும்வரை கூவினோம். மறுநாள் ஆட்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகும் பனி இறங்கினால் கூவல் வந்தது. "அது பட்சியாணு" என்று சூப்பர்வைசர் சொல்வார். சொல்லிக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ராசாத்தியின் அம்மா ஒச்சம்மா அத்தை ஒருநாள் எங்களோடு மேலே வந்தார். கீழே கடலைக்காட்டில் வேலை பார்ப்பவர், மலையேறியதே இல்லை. தோட்டத்து வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. அவருடன் என்னை நிற்கச் சொன்னார்கள். பனி இறங்கியதும் வரிசைக் கடைசியில் நின்று அவர் பாட்டுக்கு, "ராசாத்தீ... ஏ ராசாத்தீ" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். காய் எடுத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. இலையில் தண்ணீர் சொட்டும் சத்தம்கூட நின்றது போல இருந்தது. அப்போது, தூரத்திலிருந்து அல்ல, பக்கத்துச் செடிக்குப் பின்னாலிருந்து, அடுப்படியில் கையில் வேலையாக இருக்கும் மகள் சொல்வதைப் போல, "வர்றேம்மா" என்று பதில் வந்தது. நான் கேட்டேன். செடியில் ஒரு இலை அசையவில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னையக் கீழ எறக்கி விடுங்க. வெரசா" என்றார். வழி முழுக்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவளே பயந்து ஓடிவிட்டாள் என்று ஜீப்பில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் பிறகு அவர் மலைக்கு வரவே இல்லை. கொஞ்ச நாளில் நானும் போகவில்லை. கல்யாணம் ஆகிப் போடிக்கு வந்துவிட்டேன்.

அப்பு, மாடியில் நின்று நீ மலையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் காதில் நிற்கும். அவள் நனைந்துகொண்டு நிற்கிறாள் என்று தோன்றும். அவளுக்கு ஒரு கூரை போட்டேன், அடுப்பு வைத்தேன், கொடியில் மாற்றுத்துணி போட்டேன். தனியாக இருக்கக் கூடாது என்று பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டேன். உன் கதை இப்படித்தான் உண்டானது.

இப்போது நீ போன வாரம் செய்ததற்கு வருகிறேன். படத்துக்கு இடம் பார்க்கப் போனவன், சத்தமும் பதிவு செய்துகொண்டு வந்தேன் என்று அந்தக் கருவியை என் காதில் மாட்டினாய். சொட்டுச் சத்தம், பூச்சிச் சத்தம், எங்கோ ஓடை. பிறகு அது வந்தது. மேலே ஏறி, துணியைக் கிழித்தாற்போல அறுந்து நின்றது. நான் கருவியைக் கழற்றிவிட்டேன். "என்ன பறவைன்னு தெரியலைம்மா. சவுண்டு எடுக்கிறவர் ஆடிப்போய்ட்டார். நாங்க ஒருத்தரும் மூச்சுவிடலை, அவ்வளவு சுத்தமா வந்திருக்கு. படம் முழுக்க இதைத்தான் வைக்கப்போறேன்" என்றாய். தோட்டத்தில் யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டேன். "லீவு நாளும்மா. உள்ள ஒருத்தரும் இல்லை" என்றாய். என் போனுக்கு அனுப்பி வை என்றதும், எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாய்.

நேற்று ராசிங்காபுரத்துக்குப் பஸ்சு ஏறினேன். நம் போடித் தியேட்டரில் படம் ஓடும்போது ஒச்சம்மா அத்தையின் காதுக்கு யாராவது கொண்டுபோகாமல் இருக்கமாட்டார்கள். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் உனக்கு நான் சரி சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அத்தை வாசலில் சாக்கை விரித்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, காது அப்படியே இருக்கிறது.

"யாரு?"

"நாந்தேன் அத்தை, போடியிலருந்து."

"அடியே, வாயில்லாதவளா? இன்னைக்கு என்ன, பேசுறதுக்கா வந்திருக்க?"

"எம்மகன் சினிமா எடுக்கிறான் அத்தை."

"நல்லா இருக்கட்டும். பாட்டு உண்டா?"

"பாட்டு இல்லை."

"பாட்டில்லாம என்ன சினிமா? எவன் பாப்பான்?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடலை உடைக்கிற கை நின்றது. "எம்மகளையா பேயாக்கிட்டான்?" என்றார். அவனுக்கு அவளைத் தெரியாது, நான் சொன்ன கதையைத்தான் எடுக்கிறான் என்றேன். "என்ன கதை சொன்ன? எனக்குஞ் சொல்லு, நானுங் கேக்குறேன்." உனக்குச் சொன்னதைப் போலவே முழுதையும் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை, அழவும் இல்லை. வீடு பார்க்க வந்தவர் கேட்பதைப் போலக் கேட்டார்.

"அந்த வீட்டுக்குத் தண்ணி எங்கருந்து?"

"ஓடையிலருந்து."

"வெறகு நனைஞ்சு போயிருக்குமே."

"பரண்ல போட்டு வச்சிருப்பா."

"ம். செய்வா. அந்தச் சோலியெல்லாம் நல்லாச் செய்வா." கையிலிருந்த கடலையை உடைத்துப் போட்டுவிட்டு, "எல்லாப் புள்ளைகளையும் கொண்டாந்து எறக்கி விடுறா, சரி. அவளை யாருடி எறக்கி விடுறது?" என்று கேட்டார்.

கதையில் அதற்கு நான் வழி வைக்கவில்லை. அந்தச் சங்கடத்தில்தான் நான் இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு ஏன் அத்தை அவ்வளவு வெரசாக் கீழ எறங்குனீங்க? பயந்துட்டீங்களா?"

என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். "என்ன பயம்? வர்றேன்னு சொன்னாள்ல. நீயுந்தானே கேட்ட? அவ வர்றதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்துர வேணாமா? காலையில பொங்குனது தீந்து போச்சு. உலை வைக்கணும்ல."

இதை நன்றாகக் கேட்டுக்கொள் அப்பு. பெரியவர்களைப் பயமுறுத்த நீ ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாய். முகத்துக்குக் குழந்தைகள்தான் பயப்படும். ஒருத்தி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அவள் வருகிற நேரம் நாம் வீட்டில் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடு ஒரு அம்மா இத்தனை வருடம் ஊரை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்காமல் இருக்கிறார். சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பியிருக்கிறார். உன் படத்தைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் ஏதோ ஒரு விதத்தில் இருக்கும். இதை எடுக்க உனக்குத் தைரியம் இருந்தால், ரத்தம் ஒரு சொட்டு வேண்டாம்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க வைப்பதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். "அதென்ன கையில? கொண்டா" என்றார். போட்டுக் கொடுத்தேன். காதோடு அழுத்திக் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கடலைத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அவ இல்லை."

"அவ கூவல்தேன் அத்தை. எனக்குத் தெரியும்."

"ஒனக்கென்னடி தெரியும்? எம்மகளுக்கு ஒன்னைய மாதிரி அம்பது ஆகியிருக்கும். தொண்டை தடிச்சிருக்கும். இது சின்னப் பொண்ணு."

குரல் மாறாமல் இருந்ததால்தான் அது ராசாத்தி என்று நான் சொன்னேன். அதே குரல் மாறாமல் இருப்பதால்தான் அது அவள் இல்லை என்கிறார் அவளைப் பெற்றவர். அவர் மகள் வயதாகிக்கொண்டுதான் இருக்கிறாள், எங்கிருந்தாலும். அவர் போனைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு தடவை போடு என்றார். கூவல் முடிந்த பிறகும் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார். சொட்டுச் சத்தம் மட்டும் ஓடி நின்றது.

"இதுக்கப்புறம்?"

"அவ்வளவுதேன்."

"பதிலுக்கு யாரும் கூவலையே."

"சத்தம் பதியிறப்ப பேசக் கூடாதாம் அத்தை. எல்லாரும் மூச்சுவிடாம நின்னாங்களாம்."

"எத்தனை பேரு?"

"ஆறேழு பேரு இருப்பாங்க."

"இம்புட்டுப் பேரு நின்னு கேட்டுக்கிட்டு, ஒருத்தருகூட வாயத் தொறக்கலையா?" என்றார். தோட்டத்து வழக்கம் எதுவும் தெரியாதவர் அவர். பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "படமெல்லாம் எடுக்கட்டும். எம்மகளுக்கு அதுல வயசாகணும், அம்புட்டுத்தான். நரைக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி ஒம்மகனைப் போயி அந்தப் புள்ளைக்குப் பதில் குடுக்கச் சொல்லு. யாரு பெத்ததோ. எந்நேரமாக் கூப்புட்டுக்கிட்டு நிக்குதோ."

ஆகவே, என் பதில் சரி என்பதுதான். படத்தை எடு. பனிப்பொண்ணுக்கு நரைத்த தலை வை, கை காய்த்துப் போயிருக்கட்டும், மூட்டு வலிக்கட்டும். யாரைப் பார்த்தாலும் தன்னைவிடச் சின்னவர்களாகத் தெரிகிற வயது அவளுக்கு வரட்டும். இதைவிடப் பயமான ஒன்றை உன்னால் யோசிக்க முடியாது என்று நினைக்கிறேன். அந்தச் சத்தத்தை மட்டும் படத்தில் வைக்காதே. உதவி கேட்டுக் கூப்பிட்டதைப் பிடித்து வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்க வேண்டாம்.

உன்னோடு வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் செய்தது தெரியாமல் செய்தது. உங்கள் வேலையில் அமைதிதான் மரியாதை, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மலையில் அது மரியாதை ஆகாது. முதல் நாள் பனி இறங்கியதும் கருவிகளை அணைத்துவிடுங்கள். மறுபடி கேட்டால் யாரும் யார் பெயரையும் சொல்லாதீர்கள், நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். எல்லோரும் சேர்ந்து கூவுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. பக்கத்தில் வரும்வரை நிறுத்தாதீர்கள். வருவது யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியுமா என்றும் தெரியாது. சத்தம் நின்றுவிட்டால் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்த்து ஆள் எண்ணாமல், ஜீப்பில் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்து, மெதுவாகக் கீழே இறங்குங்கள்.

அம்மா